முதலில் ஓடுகிறவள்

புதன்கிழமை காலை பத்து மணி ஸ்மோகோ இடைவேளையில், பென்ரோஸ் கிடங்கின் பின்வாசலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது போன் அதிர்ந்தது. ஹாக்கி சங்கத்தின் இணையப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம். உங்கள் வீராங்கனை கஜந்தினி வேறு கிளப்புக்கு மாற விண்ணப்பித்திருக்கிறார். ஆட்சேபம் இல்லையென்றால் மேலாளர் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் குறியிட வேண்டும். குறியிடாவிட்டால் விண்ணப்பம் காலாவதியாகும், இந்த சீசனில் கிளப் மாற அதுவே கடைசி நாள் என்பதால் மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

அந்த மேலாளர் நான்தான். பொட்டலத்தைத் திரும்பச் சுற்றி வைத்தேன்.

மேலாளர் என்றால் கோட்டுப் போட்ட ஆள் என்று நினைக்க வேண்டாம். மவுண்ட் வெல்லிங்டனில் எங்கள் கிளப்பின் பெண்கள் அணி இரண்டாம் பிரிவில் ஆடுகிறது. அதற்குப் பந்து மூட்டை தூக்குகிறவன், தண்ணீர் பாட்டில் நிரப்புகிறவன், மழையில் நின்று ஸ்கோர் எழுதுகிறவன் நான். வாரத்தில் ஐந்து நாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், ஆறாம் நாள் இது. என் மகள் விஷாலினி பதினோரு வயதில் ஜூனியரில் சேர்ந்தாள். அவளைக் கொண்டுபோய் விடப் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன். இப்போது அவளுக்கு இருபத்திரண்டு, பெரிய அணியின் கோல்கீப்பர். இந்தப் பதினொரு வருடத்தில் எங்கள் அணி ஐந்தாம் இடத்தைத் தாண்டி மேலே வந்ததில்லை. இந்த வருடம் ஒன்பது ஆட்டம் முடிந்து முதலிடத்தில் நிற்கிறோம். இன்னும் ஐந்து ஆட்டம். இதே இடத்தில் முடித்தால் அடுத்த வருடம் முதல் பிரிவு.

அதற்குப் பாதிக் காரணம் கஜந்தினி. இதை நான் மரியாதைக்குச் சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது.

ஹாக்கி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் வட்டத்துக்குள் நாம் தப்புச் செய்தால் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைக்கும். நம்மில் நாலு பேரும் கீப்பரும் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். ஓரத்திலிருந்து ஒருத்தி பந்தைத் தள்ளுவாள். வட்டத்தின் விளிம்பில் ஒருத்தி அதை நிறுத்துவாள். இன்னொருத்தி மட்டையால் வாரி கோலை நோக்கி வீசுவாள். பந்து அசைந்த அந்த நொடியில் நம் ஆள் ஒருத்தி கோலைவிட்டு வெளியே பாய்ந்து, வீசுகிறவளை நோக்கி நேராக ஓட வேண்டும். வீச்சின் வழியில் மட்டையை வைக்க வேண்டும். மட்டை தவறினால் உடம்பு. முகமூடியும் முழங்கால் கவசமும் கையுறையும் உண்டு. தொடைக்கும் விலாவுக்கும் ஒன்றும் கிடையாது.

முதலில் ஓடுகிறவள் கஜந்தினி. இந்த சீசனில் எங்களுக்கு எதிராக நாற்பத்தொரு கார்னர், அதில் மூன்று கோல். வேறு எந்த அணிக்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாது.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா அம்மா இரண்டு பேரும் பால் வெட்டினவர்கள். படிப்பு பெரிதாக இல்லை, ஆனால் வேலை செய்கிறவர் யார், செய்வதுபோல் நடிக்கிறவர் யார் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். கஜந்தினி பந்தைப் பார்த்து ஓடுவதில்லை. தள்ளுகிறவளின் தோளைப் பார்க்கிறாள். பந்து நகர்வதற்கு ஒரு கண்சிமிட்டு முன்னால் தோள் இறங்கும். அந்தத் தோள் இறங்கும்போதே அவள் பாரம் முன்காலுக்கு வந்துவிடும். கோடு தாண்டுவது மட்டும் பந்து நகர்ந்த பிறகு. ஒரு முறைகூட நடுவர் விசில் ஊதித் திருப்பி அனுப்பியதில்லை. போன மாதம் ஒரு வீச்சு இடது தொடையில் பட்டது. சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது. அவள் விழவில்லை, தேய்த்துக்கொள்ளவும் இல்லை. பந்து எங்கே போனது என்று தேடிப் போனாள்.

இருபத்தாறு வயது. பதினாலு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். பென்ரோஸில் ஹோட்டல் துணி வெளுக்கும் ஒரு சலவை ஆலையில் விடியற்காலை ஐந்து மணி ஷிஃப்ட். ஈரப் படுக்கை விரிப்பு மூட்டையை ஒரு நாளைக்கு எத்தனை முறை தூக்குகிறாளோ, அவள் தோளைப் பார்த்தால் தெரியும்.

அவளைக் கேட்டது துறைமுகப் பாலத்துக்கு அந்தப்பக்கம் உள்ள பெரிய கிளப். முதல் பிரிவு. அங்கேயும் காசு கிடையாது, இந்த ஊர் கிளப் ஹாக்கியில் யாருக்கும் கிடையாது. பெரிய ஆட்டக்காரிகளோடு ஆடலாம், அவ்வளவுதான்.

இதில் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, இதே கடைசி நாள் விதியின்படிதான் பாபகூரா கிளப்பிலிருந்து மெரே என்ற முன்னணி ஆட்டக்காரியை நாங்கள் எடுத்தோம். ஆறு வாரம் நான் அவளிடம் பேசிப் பேசிக் கொண்டுவந்தது. அவளுடைய பழைய மேலாளர் ஹோனிக்கு போன் பண்ணி, கோபமா என்று கேட்டேன். அவள் போக வேண்டும் என்கிறாள், நான் என்ன வாசலில் குறுக்கே படுத்துக்கொள்ளவா என்று கேட்டுவிட்டு அன்றைக்கே குறியிட்டுவிட்டார். அன்று மாலை எல்லாருக்கும் எங்கள் ஊர்ப் பரோட்டா, ரொட்டி சானாய், வாங்கிக் கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் வாணவேடிக்கைப் படம் அனுப்பினேன். கடைசி நாள் என்று ஒன்றை வைத்தவன் புத்திசாலி என்று என் மனைவி காந்திமதியிடம் சொன்னேன்.

அது செவ்வாய். இது புதன். விதி அதேதான்.

மதியம் கிளப் தலைவர் மகேசன் கூப்பிட்டார். கட்டட வரைபடம் போடுகிற வேலை, நிதானமான மனிதர், பேச்சில் ஒரு சொல் வீணாகாது. கடிதம் அவருக்கும் போயிருந்தது. முதலில் அந்தப் பிள்ளையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு அணியைப் பற்றிச் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"ராஜூ அண்ணை, நாங்கள் மறுப்பெண்டு போட்டால்தான் காரணம் எழுதோணும். ஒண்டும் போடாமல் விட்டால் ஆரும் ஒண்டும் கேக்கேலாது. நீங்கள் வேலையில நிண்டனீங்கள், போனைப் பாக்கேல்லை. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி தாண்டினாச் சரி."

"அந்தப் பிள்ளை கேட்டா என்னா சொல்றது?"

"வருத்தம் எண்டு சொல்லுங்கோ. உண்மையில வருத்தம்தானே."

அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கெட்ட காரியத்தைக் கை வைக்காமலே செய்துவிடலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நான் ஒன்றும் செய்ய வேண்டாம். பெட்டி இறக்கிக்கொண்டிருந்தால் போதும்.

அன்று மாலை விஷாலினியை ரயிலடியிலிருந்து கூட்டி வரும்போது காரில் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, ஐ நோ, பா என்றாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். கொஞ்ச நாளாக என்றாள். உன் முன்னால் ஓடுகிறவள் போகிறாள், இனி வருகிற அடியெல்லாம் உன் மேல்தான் விழும், பயம் இல்லையா என்று கேட்டேன்.

"யூ டோண்ட் ஓன் ஹெர், பா."

அதோடு காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் ஒரு வரி. அதற்கு மேல் அவளிடமிருந்து எதுவும் கிடைக்காது.

வீட்டில் காந்திமதி வேறு விதம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அணி, முதலிடம், பதினொரு வருடம் என்று நான் சொல்லச் சொல்ல ம் போட்டாள். மகேசன் சொன்ன வழியையும் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நேத்து அந்த மெரே வந்ததுக்கு ஊருக்கே ரொட்டி சானாய் போட்டீங்களே. பாபகூராக்காரங்க வீட்டுல நேத்து என்னா சாப்பிட்டாங்களாம்?"

நான் டிவியைப் போட்டேன். நாற்பது வருடம் ஒருத்தியோடு வாழ்ந்தால் இதுதான். எங்கே குத்தினால் சத்தம் வராது என்று அவளுக்குத் தெரியும்.

இரவெல்லாம் நான் ஒரு நியாயம் தயாரித்தேன். நாங்கள் முதலிடம் பிடித்தால் அடுத்த வருடம் முதல் பிரிவுதான். அப்போது அவளும் எங்களோடு மேலேதான் ஆடுவாள். ஒரு வருடம் பொறு, எல்லாருமாகப் போவோம். இதை நேரில் சொல்லி, அவளே விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. நல்ல நியாயம்தான். சொல்லிப் பார்த்துக்கொண்டபோது எனக்கே நம்பிக்கை வந்தது.

வியாழக்கிழமை பயிற்சி ஆறரைக்கு. அவளைத் தனியாகப் பிடிக்கலாம் என்று ஐந்தரைக்கே போனேன். மைதானத்தின் கடைசி மூலையில் விளக்கு எரிந்தது. பெரிய கம்பி வேலிக்குப் பின்னால் மூன்று பேர். கஜந்தினி, ஷாமளா, கோல்கீப்பர் கவசத்தோடு என் மகள்.

ஷாமளாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈப்போக்காரி, முப்பத்துநாலு வயது, இரண்டு பிள்ளை. மவுண்ட் வெல்லிங்டன் ஷாப்பிங் சென்டரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஆட்டம் தெரிந்தவள், ஆனால் வேகமாகப் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். அது எல்லாருக்கும் தெரியும், அவளே சொல்லிச் சிரிப்பாள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு பயிற்சியில் கஜந்தினி ஒதுங்கி நின்று ஷாமளாவை முதலில் ஓடவிட்டதை நான் பார்த்தேன். கஜந்தினிக்கு மணிக்கட்டில் வலி என்று முடிவு செய்தேன். சலவை ஆலை வேலை, வலிக்காமல் இருக்குமா? என் பையில் எப்போதும் இருக்கிற கோடாலித் தைலத்தைக் கொடுத்து, காலையும் மாலையும் தேய்க்கச் சொன்னேன். தாங்ஸ் அங்கிள் என்று வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரமும் ஷாமளா ஓடினாள். இன்னொரு புட்டி கொடுத்தேன். வலியோடும் சனிக்கிழமை ஆட்டத்தில் இப்படி ஓடுகிறாளே என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

இப்போது வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

பந்தே இல்லை. ஷாமளா கோட்டுக்குப் பின்னால் குனிந்து நிற்கிறாள். கஜந்தினி அவளுக்குப் பின்னால் நின்று அவள் சட்டையை முதுகில் கொத்தாகப் பிடித்திருக்கிறாள். ஓரத்தில் விஷாலினி பந்து தள்ளுவதுபோல் பாவனை செய்கிறாள். அவள் தோள் இறங்கும்போது கஜந்தினி சட்டையை விடுகிறாள். ஷாமளா ஓடுகிறாள். திரும்பி வருகிறாள். மறுபடி பிடி, மறுபடி விடு. இருபது தடவை எண்ணினேன். பிறகு இடம் மாறினார்கள். கஜந்தினி குனிந்து நிற்க, ஷாமளா சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எப்போது விட வேண்டும் என்று பிடித்திருக்கிறவளுக்குத் தெரிந்தால்தான் ஓடுகிறவளுக்கும் தெரியும்.

பிறகு விஷாலினி கோலுக்குப் போனாள். கஜந்தினி பந்து மூட்டையை எடுத்துக்கொண்டு வட்டத்தின் விளிம்புக்குப் போய், ஷாமளா ஓடி வர வர அவள் மேலேயே வீசினாள். முதலில் டென்னிஸ் பந்து. அப்புறம் நிஜப் பந்து. ஒன்று ஷாமளாவின் கவசத்தில் பட்டு எகிறியது. அவள் ஐயோ என்று உட்கார்ந்தாள். கஜந்தினி ஓடி வந்து தூக்கிவிடவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"அக்கா, கண் திறந்திருந்ததோ?"

"திறந்துதான் இருந்துச்சுலா. அதான் இன்னும் பயமா இருக்கு."

"அப்ப சரி. எழும்புங்கோ."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இது இன்றைக்கு ஆரம்பித்ததல்ல. சட்டையைப் பிடித்த பிடி, இடம் மாறிய விதம், யாரும் யாருக்கும் எதையும் விளக்காதது, எல்லாம் பழகின வேலை. நான் வேலிக் கதவைத் திறந்துகொண்டு போனேன். ஷாமளா என்னைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். என் மகள் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"எத்தன நாளா நடக்குது இது?"

"மூண்டு கிழமை, அங்கிள்."

"அப்ப கைவலி?"

"கைவலி இல்லை. தைலத்தை அம்மாவுக்குக் குடுத்தன். அவவுக்கு நல்ல சுகம்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. மூன்று வாரமாக எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. வாயில்லாத ஒருத்தியின் வலியைப் புரிந்துகொண்டவனாக நான் புட்டி புட்டியாகத் தைலம் வாங்கியிருக்கிறேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் போனது.

அவள் கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு சொன்னாள். அவளுடைய ஆலையில் விரிப்பு தேய்க்கிற பெரிய உருளை ஒன்று இருக்கிறதாம். கொதிக்கிற உருளை. அதில் துணியைக் கொடுக்கிற இடத்தில் நிற்கிறவர் வேலையை விட்டுப் போவதானால், அடுத்து நிற்கப் போகிறவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்கி முடித்த பிறகுதான் போவதாகச் சொல்வார். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. அங்கே நிற்கிற பெண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது.

"முதலே சொன்னா சூப்பர்வைசர் அண்டைக்கே ஆளை மாத்திப்போடுவார், அங்கிள். பழகாத கை உள்ளுக்குப் போகும். போனது ஒராள், வேகிறது இன்னொராளின்ர கை. உங்களுக்கு முதலே சொல்லியிருந்தா நீங்கள் என்ன செய்திருப்பீங்கள்?"

என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். மனம் இங்கே இல்லாதவள் எதற்கு என்று அந்த சனிக்கிழமையே அவளை பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன். அகப்பட்டவளை ஓட விட்டிருப்பேன். வருகிற பந்தையெல்லாம் என் மகள் வாங்கியிருப்பாள்.

"ஷாமளா அக்கா பழகிட்டா. இனி விஷாவுக்குப் பயமில்லை. அதுக்குப் பிறகுதான் நேற்றுப் போட்டனான்."

தயாரித்து வைத்திருந்த நியாயத்தை அப்போதும் எடுத்து நீட்டினேன். ஒரு வருடம் பொறு, எல்லாருமாக மேலே போவோம் என்றேன். அவள் அதை மதித்துக் கேட்டாள். பிறகு தலையசைத்தாள்.

"நாங்கள் மேல போறது வேற, அங்கிள். எனக்கு இருபத்தாறு. இந்த முழங்கால் இன்னும் ரெண்டு சீசன் தாங்கும். அங்க வீசுற பிள்ளையளின்ர பந்துக்கு முன்னால என்னால ஓடேலுமோ எண்டு ஒருக்காப் பாக்கோணும். அதுதான்."

"நான் குறி போடலைன்னா?"

"இஞ்சதான் ஓடுவன்." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "குறைச்சு ஓட மாட்டன்."

அவள் போய் முகமூடியை எடுத்துக்கொண்டாள். நான் பந்து பொறுக்கினேன்.

அந்தக் கடைசி வார்த்தை என்னை ஒரு நாள் முழுக்கப் படுத்தியது. அவள் மிரட்டியிருந்தால் சுலபம். அழுதிருந்தாலும் சுலபம். பிடித்து வைத்தால் மனசு விட்டுப்போய் அரைகுறையாக ஓடுவாள், அப்படி ஓடுகிறவளை வைத்து என்ன பிரயோசனம் என்று சொல்லி நானே அவளை அனுப்பியிருக்கலாம். அந்த வழியை அவள் அடைத்துவிட்டாள். பிடித்து வைத்தால் முழுசாகக் கிடைப்பாள். ஐந்து ஆட்டமும் ஓடுவாள். நாங்கள் முதலிடம் பிடிப்போம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவளுக்கு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் தாமதமாக ஒரு கண்டெய்னர் வந்தது. டயர். ஓவர்டைம் யார் நிற்கிறீர்கள் என்று சூப்பர்வைசர் கேட்டபோது நான்தான் முதலில் கை தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஃபோர்க்லிஃப்டில் ஏறினால் போனைத் தொடக் கூடாது, அது கிடங்கின் சட்டம். ஆறு மணி வரைக்கும் வேலை இருக்கிறது. நான் வேலையில் நின்றவன், போனைப் பார்க்காதவன். மகேசன் சொல்லிக் கொடுத்த வசனம் பொய்யாகக்கூட இருக்காது.

மூன்றரைக்கு முதல் அடுக்கை இறக்கினேன். நாலுக்கு இரண்டாவது. பக்கத்தில் சாமோவா நாட்டுப் பையன்கள் இரண்டு பேர் கையால் டயரை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தன் அன்றைக்கோடு வேலையை விடுகிறவன். திங்கட்கிழமை ஆஸ்திரேலியா போகிறான். எல்லாருக்கும் தெரியும். கடைசி நாள்தானே என்று அவன் ஒரு டயரைக்கூட மெதுவாக உருட்டவில்லை. அவனை யாரும் தடுக்கவும் இல்லை. வரிசை நேராக இல்லையென்று, ஏற்கெனவே அடுக்கினதைப் பிரித்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தான்.

நாலே காலுக்கு வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தேன். சாப்பாட்டு அறைக்குப் போனேன். கையில் டயர்க் கரி. கழுவினேன், துடைத்தேன், இன்னொரு தரம் கழுவினேன். பிறகு போனை எடுத்தேன். அந்தப் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம். பக்கத்தில் ஆட்சேபம் இல்லை என்று எழுதியிருந்தது. கீழே, புதிய கிளப்புக்கு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று இன்னொரு பெரிய கட்டம். சின்னக் கட்டத்தை முதலில் அமுக்கினேன், மனம் மாறுவதற்குள். பெரிய கட்டத்தில் வாழ்த்து என்று எழுதி அழித்தேன். நல்ல பெண் என்று எழுதி அதையும் அழித்தேன். அவர்களுக்கு அதனால் என்ன உபயோகம்? கடைசியில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இப்படி எழுதினேன்: கார்னரில் இவளை முதலில் ஓட விடுங்கள். வேறெங்கும் நிறுத்தி வீணாக்காதீர்கள்.

அனுப்பினேன். நாலு இருபத்தொன்று.

நாலரைக்கு, நான் வண்டியில் ஏறும் முன், மகேசன் கூப்பிட்டார். அவருக்கும் நகல் போயிருக்கும்.

"அமத்திப்போட்டியளோ?"

"ஆமா."

"அப்ப நாளைக்கு ஆர் ஓடுறது?"

"ஷாமளா."

"ஷாமளாவோ? அண்ணை, அந்தப் பிள்ளை பந்தைக் கண்டாக் கண்ணை மூடுமெல்லோ."

"இப்ப மூடறதில்ல" என்றேன். திரும்பப் போய் மிச்சக் கண்டெய்னரை இறக்கினேன்.

சனிக்கிழமை எங்களுக்கு எதிரி மூன்றாம் இடத்து அணி. காலையிலிருந்தே தூறல். கஜந்தினிக்கும் அதே நேரத்தில் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஆட்டம், அதனால் அவள் வரவில்லை. அவளுடைய பழைய சட்டையைத் துவைத்து மடித்து, வெள்ளிக்கிழமை மாலையே விஷாலினியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். இஸ்திரி போட்டு. அப்படி ஒரு மடிப்பை நான் கடையில்கூடப் பார்த்ததில்லை.

மெரே எட்டாவது நிமிடத்தில் கோல் போட்டாள். நான் குதித்தேன், மறைக்க வேண்டியதில்லை. முதல் கார்னர் எங்களுக்கு எதிராகப் பதினாறாவது நிமிடத்தில் வந்தது. ஷாமளா முகமூடியை மாட்டிக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். விஷாலினி அவள் முதுகில் சட்டையை ஒரு முறை பிடித்து விட்டாள்.

ஓடினாள். அரை எட்டு தாமதம். பந்து அவளைத் தாண்டிப் போய்க் கோலில் விழுந்தது. ஒன்றுக்கு ஒன்று. மகேசன் என் பக்கம் திரும்பவில்லை, அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டாவது பாதியில் இன்னொரு கார்னர். இந்த முறை தோள் இறங்கியதை அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். பந்து அசைந்தபோது அவள் கிளம்பிவிட்டாள். வீச்சு அவள் முழங்காலுக்குக் கீழே கவசத்தில் படார் என்று அடித்தது. காலில் பட்டதால் மறுபடி கார்னர். ஷாமளா நொண்டிக்கொண்டு கோட்டுக்குத் திரும்பி வந்தாள். மாற்று ஆள் வேண்டுமா என்று நான் கை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நின்றாள், குனிந்தாள், மறுபடி ஓடினாள். இந்த முறை மட்டையில் பட்டது. பந்து அவ்வளவு தூரம் எகிறிப் பக்கக்கோட்டுக்கு வெளியே போனது. ஷாமளா நின்ற இடத்திலேயே நின்று, எங்கே போனது, எங்கே போனது என்று சுற்றிச் சுற்றிக் கேட்டாள். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றில் முடிந்தது. இரண்டு புள்ளி போனது. முதலிடம் கையைவிட்டுப் போகவில்லை, ஆனால் இரண்டாம் இடத்துக்காரர்கள் எங்கள் குதிகாலுக்கு வந்துவிட்டார்கள். கஜந்தினி இருந்திருந்தால் ஜெயித்திருப்போம். இதை நான் யாரிடமும் மறுக்க மாட்டேன். ஐந்தில் நாலு ஆட்டம் பாக்கி. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

பந்து மூட்டையைக் காரில் ஏற்றும்போது போனில் செய்தி வந்தது. கஜந்தினி. ஷாமளா அக்கா எப்படி ஓடினவ என்று மட்டும் கேட்டிருந்தாள். முதல் தடவை பிந்தினாள், இரண்டாவது காலில் வாங்கினாள், மூன்றாவது மட்டையில் வாங்கினாள் என்று எழுதினேன். உன் ஆட்டம் என்ன ஆனது என்றும் கேட்டேன்.

பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆனது. கடைசி ஆறு நிமிடம்தான் விட்டார்களாம். ஒரு கார்னர். முதலில் ஓடச் சொன்னார்களாம். அங்கே வீசுகிற பெண்ணின் பந்து இங்கே மாதிரி இல்லை, வருவதே தெரியவில்லை, விலாவில் பட்டது, மூச்சு நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாள். கீழே இன்னொரு வரி: கோல் இல்லை, அங்கிள்.

அந்த வரியைக் கார் கதவைப் பிடித்துக்கொண்டே இரண்டு முறை படித்தேன். பிறகு ஷாமளாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முழங்காலில் ஐஸ் மூட்டையைக் கட்டிக்கொண்டு, கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். படித்துவிட்டு, விலா எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து அடுத்த வார அட்டவணையைப் பார்த்தேன். எங்கள் ஆட்டம் காலை பதினொன்றுக்கு. அவர்களுடையது மூன்று மணிக்கு. பாலம் நெரிசல் இல்லாவிட்டால் நாற்பது நிமிடம். எங்களதை முடித்துவிட்டு அப்படியே அந்தப் பக்கம் போகலாமா என்று காந்திமதியிடம் கேட்டேன். யாரோ ஒரு கிளப்பின் ஆட்டத்துக்கு நமக்கென்ன வேலை என்று அவள் திருப்பிக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு நாசி லெமாச் சோற்றில் நெத்திலி காரம் தாங்குமா, இல்லை தனியாகக் கட்டட்டுமா என்று கேட்டாள்.